கைமாறிய மார்ஷல்

2025 ஜனவரியில், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இருந்து இயங்கும் மார்ஷல் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளைச் சீன முதலீட்டு நிறுவனமான ஹாங்ஷான் வாங்கவிருப்பதாக அறிவிப்பு வெளியானது. அந்த ஒப்பந்தத்தில் குழுமத்துக்கு இடப்பட்ட மதிப்பு 110 கோடி யூரோ. மின்கிட்டாரின் ஓசையைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து புகழ்பெற்று, ராக் இசை மேடைகளின் பின்புறத்தை ஆளுயரக் கறுப்புப் பெட்டிகளால் அறுபது ஆண்டுகளாக நிறைத்துவந்த ஒரு பிரித்தானியக் குடும்ப நிறுவனத்தின் பெயர், இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறையாகக் கைமாறியது. முதல் கைமாற்றம் 2023 மார்ச்சில் நிகழ்ந்தது: மார்ஷல் பெயரில் ஹெட்ஃபோன்களையும் வீட்டு ஸ்பீக்கர்களையும் உரிமம் பெற்று விற்றுவந்த ஸவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் சுவீடன் நிறுவனம், உரிமம் கொடுத்த மூல நிறுவனத்தையே வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டு, மார்ஷல் குழுமம் என்று தன் பெயரையும் மாற்றிக்கொண்டது.

ஹாங்ஷான், அமெரிக்காவின் செக்கோயா முதலீட்டு நிறுவனத்தின் சீனக் கிளையாக இருந்து பின்னர் தனியே பிரிந்த அமைப்பு. வளரும் நிறுவனங்களில் பணத்தை இட்டு, அவற்றின் மதிப்பு உயர்ந்தபின் அந்தப் பங்குகளை விற்று ஆதாயம் காண்பதே அதன் தொழில். அத்தகைய ஒரு நிறுவனம், கண்ணாடி வால்வுகளால் இயங்கும் பழைய வகைப் பெட்டிகளைச் செய்யும் பட்டறையொன்றின் பெயருக்காக இவ்வளவு பெரிய தொகையை ஏன் கொடுக்கிறது என்பதும், அந்தத் தொகைக்கு உண்மையில் அதன் கைக்கு வந்துசேர்வது என்ன என்பதும் இசைக்கருவித் தொழிலுக்கு வெளியே உள்ளவர்களும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. ஆம்ப்ளிஃபயர் நிறுவனங்கள் விற்கப்படுவது புதிதன்று. ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் பெயர் ஒரு பக்கமும், அந்தப் பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்த ஓசையை உருவாக்கும் அறிவு இன்னொரு பக்கமும் பிரிந்துபோகும் வாய்ப்பு இருந்தே வந்திருக்கிறது. மார்ஷலின் கைமாற்றத்தை அந்த நீண்ட வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

மின்கிட்டாரின் உடல் பெரும்பாலும் திண்ணிய மரப்பலகை. அதன் கம்பியை மீட்டினால் எழும் ஓசை அடுத்த அறைக்குக் கூட எட்டாது. கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக்கம்பியும் கொண்ட பிக்கப் என்னும் உறுப்பு இருக்கிறது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, செப்புச்சுருளில் ஒரு வோல்ட்டின் சிறு பின்னமே ஆன மின்னழுத்தம் தோன்றுகிறது. அந்த நுண்ணிய மின்னழுத்தத்தை முதலில் சிறிய வால்வுகள் படிப்படியாக உயர்த்துகின்றன. பிறகு தாழ்சுரம், நடுச்சுரம், மேல்சுரம் ஆகியவற்றின் அளவை மாற்றும் திருகுகளைக் கடந்து அது பெரிய வால்வுகளைச் சேர்ந்து ஆற்றல் பெறுகிறது. இறுதியில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாக ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கிறது. ஆகவே மின்கிட்டார் கலைஞரின் இசைக்கருவி அவர் தோளில் தொங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. அவருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியும் அந்தக் கருவியின் பாதி.

பழைய வால்வு ரேடியோக்களை அறிந்தவர்களுக்கு இந்த வால்வுகளின் செயல்முறை புதிதாக இராது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் சூடேற்றப்பட்ட ஒரு தகடு எலக்ட்ரான்களை வெளிவிட, பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் வைக்கப்பட்ட இன்னொரு தகடு அவற்றை ஈர்க்கிறது. இடையில் உள்ள கம்பிவலைக்குத் தரப்படும் சிறு மின்னழுத்த மாறுதல், அந்த எலக்ட்ரான் ஓட்டத்தில் பெரிய மாறுதலை உண்டாக்குகிறது. தாங்கும் அளவை மீறி வால்வுக்குள் மின்குறியைச் செலுத்தினால், ஒலியலையின் மேல்முனையும் கீழ்முனையும் திடீரென வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கி, மூலச் சுரத்துடன் அதன் மடங்குகளாக அமைந்த மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. மின்பொறியாளர் இதை ஒலிச்சிதைவு என்று சொல்லிக் குறையாகக் கணக்கில் எழுதுவார். கிட்டார் கலைஞருக்கோ அதுவே குரல்: மீட்டிய சுரம் நீண்டு நிற்கிறது, மென்மையாகத் தொட்டால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் விடை தருகிறது, விரலின் அழுத்தமே ஓசையின் நிறத்தை ஆள்கிறது. டிரான்சிஸ்டர்கள் மலிவாகவும் எடை குறைவாகவும் வந்து ரேடியோ, தொலைக்காட்சி ஆகியவற்றில் இருந்து வால்வுகளை அகற்றிய பிறகும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் மட்டும் அவை நீடிப்பதற்கு இதுவே காரணம். இதைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

இந்த மின்சுற்றுகளில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை என்பது இங்கே முக்கியமான செய்தி. கலிபோர்னியாவின் புல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவரும், கணக்கியல் படித்தவரும், கிட்டார் வாசிக்கவே தெரியாதவருமான லியோ ஃபெண்டர், 1940களின் நடுவில் ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கியபோது, வால்வு உற்பத்தியாளர்கள் வெளியிட்ட கையேடுகளின் மாதிரிச் சுற்றுகளையே அடிப்படையாகக் கொண்டார். இசைக்கலைஞர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டு அவற்றைத் திருத்திச் செம்மையாக்கியதே அவருடைய மேதைமை. 1950களின் இறுதியில் அவருடைய நிறுவனம் உருவாக்கிய பாஸ்மேன் என்னும் மாதிரி, தாழ்சுரக் கிட்டாருக்காகத் திட்டமிடப்பட்டிருந்தும், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைக் கொண்ட அதன் பெட்டி சாதாரணக் கிட்டாருக்கே மிகப் பொருத்தமாக அமைந்தது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டு ஏங்கிய இளைஞர்களிடம் இருந்துதான் மார்ஷலின் கதை தொடங்குகிறது.

ஜிம் மார்ஷல் 1923-இல் இலண்டனில் பிறந்தவர். எலும்புருக்கி நோயால் இளமையின் பெரும்பகுதியை உடலெங்கும் மாவுக்கட்டுடன் மருத்துவமனையில் கழித்ததால் பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இல்லை. பொறியியலைப் புத்தகங்களில் இருந்தும் போர்க்காலத் தொழிற்சாலைப் பணியில் இருந்தும் கற்றார். பாடகராகவும் டிரம்ஸ் கலைஞராகவும் டிரம்ஸ் ஆசிரியராகவும் பொருள் ஈட்டி, 1960-இல் இலண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை திறந்தார். டிரம்ஸ் வாங்க வந்தவர்கள் தம் குழுவின் கிட்டார் கலைஞர்களையும் அழைத்து வந்தனர். பீட் டவுன்ஷெண்டும் ரிச்சி பிளாக்மோரும் அவர்களுள் அடங்குவர். இறக்குமதியான ஃபெண்டர் பெட்டிகள் கைக்கு எட்டாத விலையில் இருந்ததோடு, அவர்கள் மனத்தில் இருந்த முரட்டு ஓசையையும் தரவில்லை. கடையில் பழுதுநீக்குபவராக இருந்த கென் பிரானும், இஎம்ஐ நிறுவனத்தில் பயிற்சியில் இருந்த டட்லி கிரேவன் என்னும் இளைஞரும் ஜிம்மின் ஊக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேனைப் பிரித்துப் பார்த்து அதன் சுற்றை அப்படியே பின்பற்றி ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகளைச் செய்தார்கள்; ஆறாவது மாதிரியைக் கேட்டபோது தேடிய ஓசை கிடைத்துவிட்டதென்று ஜிம் முடிவுசெய்தார். அதைக் கடையில் வைத்த முதல் நாளிலேயே 23 பேர் தமக்கும் ஒன்று வேண்டுமென்று பதிந்துகொண்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜிம், அவர் மகன் டெரி ஆகிய இருவர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஜேடிஎம்45 எனப் பெயர் பெற்றது.

படியெடுத்த பெட்டி மூலத்தில் இருந்து வேறாக ஒலித்தது எப்படி என்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க உதிரிகள் கிடைப்பது அரிதாக இருந்ததால் பிரித்தானியாவில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர்களும் கேடி66 வகைப் பெரிய வால்வுகளும் இடம்பெற்றன. முதல் கட்டத்தில் ஃபெண்டர் வைத்ததை விடக் கூடுதலாகப் பெருக்கும் இசிசி83 வால்வு பொருத்தப்பட்டது. பின்புறம் திறந்த மரப்பெட்டிக்கு மாறாக, எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் நான்கு அமர்த்தப்பட்டன. தாளில் வரைந்தால் இரண்டு சுற்றுகளுக்கும் வேறுபாடு சொற்பம். காதுக்கோ அவை இரண்டு வேறு கருவிகள்: ஃபெண்டர் தெளிவும் ஒளியும் கொண்டது, மார்ஷல் தடித்து எளிதில் கரகரத்துப் பொங்குவது. சுற்று வரைபடத்தை யாரும் பெறலாம் என்றாலும், எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்த ஸ்பீக்கர் இசைந்து வரும், உதிரிப்பாகம் வழங்குபவர் மாறினால் எதைக் கூட்டி எதைக் குறைக்க வேண்டும் என்ற தெளிவு பட்டறையில் பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய காதுகளில்தான் இருக்கிறது. அது எந்த விற்பனைப் பத்திரத்திலும் பட்டியலிட முடியாத சொத்து.

1966-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுக்காக எரிக் கிளாப்டன், மார்ஷல் பெட்டியொன்றை முழு ஓசையில் வைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டு, அதுவரை குறை எனப்பட்ட கரகரப்பை உலகம் விரும்பும் நாதமாக மாற்றியது. தி ஹூ குழுவின் டவுன்ஷெண்டும் ஜான் எண்ட்விசிலும் இன்னும் உரத்த பெட்டி கேட்டதன் விளைவாக 100 வாட் மாதிரி பிறந்தது. எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடக்கியபோது அதைத் தூக்க ஆளில்லாமல் போனதால் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. உலகெங்கும் ராக் இசைக்கு அடையாளமான அந்த அடுக்கு, சுமை தூக்குவோரின் முதுகை எண்ணிச் செய்த திருத்தத்தில் உருவானது. ஜிம்மிடம் டிரம்ஸ் கற்ற மிட்ச் மிட்சலின் வழியாகக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வந்துசேர்ந்தார். உற்பத்தி மில்டன் கீன்ஸ் பகுதியின் பிளெட்ச்லிக்கு இடம்பெயர்ந்தது.

புகழின் உச்சத்தை நோக்கிச் சென்ற அதே காலத்தில் நிறுவனம் தன் முதல் வணிகப் பாடத்தையும் கற்றது. 1965-இல் ரோஸ் மாரிஸ் என்னும் விநியோக நிறுவனத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு விற்பனை உரிமை தரப்பட்டது. அவர்கள் விலையைப் பாதிக்கும் மேலாக உயர்த்தியதால் வெளிநாட்டு விற்பனை தளர்ந்தது. முன்பு தன் பெட்டிகளை விற்றுவந்த நண்பர் ஒருவரைக் கைவிட மனமில்லாத ஜிம், அதே பட்டறையில், ஏறக்குறைய அதே சுற்றுகளுடன், பார்க் என்னும் வேறு பெயரில் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து அவருக்குக் கொடுத்தார். உள்ளிருப்பது ஒன்றாக இருந்தும் பார்க் ஒருநாளும் மார்ஷலின் புகழை எட்டவில்லை. முகப்பில் உள்ள வெள்ளை எழுத்துக்கு உள்ளே இருக்கும் சுற்றை விட அதிக விலை உண்டு என்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது. 2025-இன் 110 கோடி யூரோவுக்கான விளக்கத்தின் ஒரு பாதி இதில் இருக்கிறது.

மறு பாதியை அறிய ஃபெண்டருக்குத் திரும்ப வேண்டும். நீண்டநாள் தொற்றுநோயால் உடல் தளர்ந்து, தாம் நெடுங்காலம் வாழமாட்டோம் என்று அஞ்சிய லியோ ஃபெண்டர் நிறுவனத்தை விற்றுவிட எண்ணியபோது, விற்பனைப் பிரிவின் தலைவர் டான் ராண்டல் பேச்சுவார்த்தை நடத்தி, 1965 ஜனவரி 5 அன்று அதை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுக்கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதே சிபிஎஸ், நியூயார்க் யாங்கீஸ் என்னும் புகழ்மிக்க பேஸ்பால் அணியின் 80 விழுக்காட்டுப் பங்கை 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது என்பதுடன் ஒப்பிட்டால், கிட்டார் பட்டறையொன்றுக்குத் தரப்பட்ட விலை அன்று எவ்வளவு பெரியது என்பது புலனாகும். விற்ற சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவர் தந்த மருந்தில் லியோவின் நோய் குணமாகிவிட, அவர் மியூசிக் மேன், ஜி அண்ட் எல் ஆகிய நிறுவனங்களின் வழியாக மீண்டும் கருவிகளைச் செய்து, 1991 வரை வாழ்ந்தார்.

சிபிஎஸ் வாங்கியது பெயரை மட்டும் அன்று. தொழிற்சாலையும் இயந்திரங்களும் நூற்றுக்கணக்கான தேர்ந்த தொழிலாளரும் அதனுடன் வந்தார்கள். வாங்கிய கையோடு எல்லாம் கெட்டுவிட்டதாகச் சொல்லப்படுவது மிகை; கறுப்பு முகப்பு கொண்ட டீலக்ஸ் ரிவெர்ப், டுவின் ரிவெர்ப் ஆகிய சிறந்த மாதிரிகள் 1967 வரை பெரிய மாறுதலின்றித் தொடர்ந்தன. சீர்கேடு வேறு வழியில் நுழைந்தது. டிரான்சிஸ்டரே எதிர்காலம் என்று நம்பிய புதிய நிர்வாகம் 1966-இல் அந்த வகை ஆம்ப்ளிஃபயர்களை அவசரமாகக் கொண்டுவர, ஆலையை நெடுங்காலம் நடத்தி வந்த ஃபாரெஸ்ட் வைட் அவற்றை ஃபெண்டர் பெயருக்குத் தகாதவை என்று கருதி, ஒப்புதல் தர மறுத்துப் பதவி விலகினார். அந்த மாதிரிகள் பழுதுகளுக்குப் பேர்போனவையாகிச் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. 1960களின் இறுதியில் வால்வு மாதிரிகளின் சுற்றுகளும், ஒலிச்சிதைவைக் குறைக்கும் நோக்கில் மாற்றப்பட்டன. அளவுகோலின்படி அது முன்னேற்றம், கலைஞர்களின் காதுப்படி இழப்பு. கேட்டு முடிவெடுத்தவர்கள் இருந்த இடத்தில் அளந்து முடிவெடுப்பவர்கள் வந்தமர்ந்தார்கள் என்பதே சிபிஎஸ் காலத்தின் சுருக்கம். சிபிஎஸ்ஸுக்கு முந்தையவை என்னும் அடைமொழி பழங்கருவிச் சந்தையில் இன்றுவரை கூடுதல் விலையைப் பெற்றுத் தருகிறது. ஒரு நிறுவனம் கைமாறிய தேதியே பொருளின் தரத்துக்கு எல்லைக்கோடாக நிலைத்துவிட்டது வேறெந்தத் தொழிலிலும் எளிதில் காணக் கிடைக்காது.

1985-இல் சிபிஎஸ் ஃபெண்டரை வில்லியம் ஷுல்ட்ஸ் தலைமையிலான அதன் ஊழியர் குழுவிடம் 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு விற்றது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருந்ததால், உண்மை மதிப்பில் நிறுவனம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்திருந்தது. இந்த விற்பனையில் புல்லர்டன் ஆலை சேரவில்லை. பெயரும் வடிவமைப்பு உரிமைகளும் கையிருப்புச் சரக்கும் மட்டுமே வந்தன. ஆலையே இல்லாத அந்தக் குழு, முதலில் ஜப்பானில் செய்யப்பட்ட கிட்டார்களை நம்பிக் காலத்தை ஓட்டி, பிறகு கலிபோர்னியாவின் கொரோனா ஊரில் புதிய ஆலை கட்டி, பழைய மாதிரிகளின் நுணுக்கங்களை ஆராய்ந்து மீட்டெடுத்து, நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அனைத்தையும் வாங்கிய பெருநிறுவனம் இழந்ததைப் பெயரை மட்டுமே வாங்கிய சிறு குழு மீட்டது. அவர்களுக்கு இசைக்கருவித் தொழில் தெரிந்திருந்தது, எதை மீட்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

மற்ற நிறுவனங்களின் வரலாறும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் அலைந்திருக்கிறது. பீட்டில்ஸ் குழு பயன்படுத்திய ஏசி30 ஆம்ப்ளிஃபயரின் தாயகமான வாக்ஸ் நிறுவனத்தில் பெரும்பான்மை உரிமையை அதன் நிறுவனர் டாம் ஜென்னிங்ஸ் 1964-இல் ராய்ஸ்டன் குழுமத்திடம் விற்றார், 1967-இல் வெளியேறினார், 1969-இல் குழுமமே கடனில் மூழ்கியது. பல கைகள் மாறி 1992-இல் ஜப்பானின் கோர்க்கிடம் சேர்ந்த பிறகே அந்தப் பெயருக்கு நிலைத்த வீடு கிடைத்தது. தாழ்சுரக் கிட்டார் கலைஞர்கள் போற்றும் ஆம்பெக், 1967-இல் முதல்முறை விற்கப்பட்டதில் இருந்து உரிமையாளர்களை மாற்றிக்கொண்டே வந்து 2018-இல் யமஹாவை அடைந்தது. கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் ராண்டல் ஸ்மித் ஐம்பது ஆண்டுகள் கட்டிக்காத்த மெசா பூகியை 2021-இல் கிட்டார் நிறுவனமான கிப்சன் வாங்கியது.

ஜிம் மார்ஷல் உயிருடன் இருந்தவரை தம் நிறுவனத்தை விற்கவில்லை. ஆனால் 2012 ஏப்ரலில் 88 வயதில் அவர் மறைவதற்கு முன்பே, பின்னாளில் நிறுவனத்தை விழுங்கவிருந்த வணிகத்துக்குக் கதவு திறக்கப்பட்டிருந்தது. 2008-இல் தொடங்கப்பட்ட ஸவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் 2010-இல் மார்ஷலிடம் உரிமம் பெற்று ஹெட்ஃபோன்களை வெளியிட்டது. 2012-இல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் பொன்விழாவை ஒட்டி வந்த வீட்டு ஸ்பீக்கருக்கு, ஜிம்மின் கடை இருந்த ஹான்வெல்லின் பெயரே சூட்டப்பட்டது. தொடர்ந்து ஆக்டன், ஸ்டான்மோர், வோபர்ன் என ஆங்கிலேய ஊர்ப்பெயர்களுடன் புளூடூத் ஸ்பீக்கர்கள் வரிசையாக வந்தன. கறுப்புத் தோல் போன்ற உறை, பித்தளை நிற முகப்பு, திருகுகள், வெள்ளை எழுத்து என எல்லாம் மேடைப் பெட்டியின் தோற்றத்தையே கொண்டிருந்தன. உள்ளே வால்வு ஏதும் இல்லை; இருக்கத் தேவையும் இல்லை, ஏனெனில் பதிவுசெய்த இசையைத் திரிபின்றிக் கேட்பதற்கான கருவி அது. கிட்டாரைத் தொட்டறியாத கோடிக்கணக்கானோரின் வீட்டுக்கு, இந்தியக் கடைகள் வழியாக இங்குள்ள வீடுகளுக்கும், மார்ஷல் என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வாழ்நாளில் ஒரு கலைஞர் இரண்டோ மூன்றோ வாங்குவார். நன்றாகச் செய்யப்பட்டது ஐம்பது ஆண்டுகள் உழைக்கும். மேலும், புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயர்களின் ஓசையை எண்முறையில் போலச் செய்து காட்டும் மென்பொருள்களும் சிறு பெட்டிகளும் பரவி, வீட்டில் வாசிப்பவருக்கும் பதிவுக்கூடத்துக்கும் போதிய தரத்தை எட்டிவிட்டன; சுமந்து செல்ல வேண்டிய கனத்த பெட்டி இன்றியே மேடையேறும் குழுக்கள் இன்று பல. வால்வு உற்பத்தியும் இரஷ்யாவின் சரத்தோவ், சுலோவாக்கியா, சீனா என உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளுக்குள் சுருங்கிவிட்டது. 2022-இல் இரஷ்யாவின் ஏற்றுமதித் தடை பற்றிய செய்தி வந்தவுடன் உலகெங்கும் வால்வுகளுக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் தோன்றின. இந்த நிலையில் உரிமம் பெற்றவரின் வணிகம் உரிமம் தந்தவரின் வணிகத்தை விடப் பன்மடங்கு பெருகியது இயல்பானதே. 2023 ஒப்பந்தத்தில் மார்ஷல் குடும்பம் புதிய குழுமத்தின் 24 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்று அதன் மிகப்பெரிய பங்குதாரராக அமர்ந்தது. 2025 விற்பனைக்குப் பின்னும் 20 விழுக்காட்டுக்கு மேல் தன்னிடம் வைத்துக்கொண்டது. லியோ ஃபெண்டர் முழுவதையும் விற்று ஒதுங்கியதோடு ஒப்பிடுகையில் இது கவனமான முடிவு.

வீட்டு ஸ்பீக்கரில் மார்ஷல் பெயரைக் காண்பதே அந்தப் பெயருக்கு இழுக்கு என்று பழைய இரசிகர்கள் சிலர் வருந்துவதில் நியாயம் இருந்தாலும், அந்த வருத்தம் பிரச்சினையின் இடத்தைத் தவறவிடுகிறது. ஸ்பீக்கர் விற்ற பணம் பிளெட்ச்லியின் சம்பளத்துக்கு உதவுமானால் அதை வரவேற்கவே வேண்டும். அஞ்ச வேண்டியது வேறொன்று: குழுமத்தின் வருவாயில் பெரும்பகுதி புளூடூத் கருவிகளில் இருந்து வரும்போது, ஆம்ப்ளிஃபயர் பட்டறை ஒரு விளம்பரச் செலவாக மட்டும் கணக்கேட்டில் தென்படத் தொடங்கும். விளம்பரச் செலவாகக் கருதப்படுவது எதுவும் முதல் நெருக்கடியிலேயே குறைக்கப்படும். உள்ளே என்ன இருந்தாலும் முகப்பு எழுத்து போதும் என்ற எண்ணம் வலுக்கும். கேட்டுப் பழகிய காதுகள் ஓய்வுபெறும்போது அவர்கள் இடத்துக்கு எவரும் பயிற்றுவிக்கப்பட மாட்டார்கள். குறைந்த விலை வால்வு மாதிரிகள் பல குடும்பத்தின் காலத்திலேயே வியட்நாமுக்குச் சென்றுவிட்டன. உயர்தர மாதிரிகள் பிளெட்ச்லியில் தொடர்கின்றன. இந்தப் பிரிவினை புதிய உரிமையாளரின் கீழ் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

ஹாங்ஷான் சீன நிறுவனம் என்பதில் தனியாகக் கவலைப்பட ஏதுமில்லை. ஃபெண்டரைச் சீர்குலைத்தது அமெரிக்க நிறுவனம், வாக்ஸை நிலைநிறுத்தியது ஜப்பானிய நிறுவனம். முதலீட்டு நிறுவனங்கள் தாம் வாங்கிய பங்குகளை என்றென்றும் வைத்திருப்பதில்லை என்பதுதான் பொருட்படுத்த வேண்டிய உண்மை: சில ஆண்டுகளில் அவை விற்று விலகும், அதற்குள் மதிப்பு உயர்ந்திருக்க வேண்டும், விரைவாக உயர்த்த வல்லது வால்வுப் பட்டறை அன்று. எனவே மூன்றாவது கைமாற்றம் ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பதே தகும். அது பங்குச்சந்தை வழியாக வரலாம், இன்னொரு பெருநிறுவனத்தின் வழியாகவும் வரலாம். அப்போது குடும்பத்தின் கையில் மீந்திருக்கும் ஐந்தில் ஒரு பங்கு, பிளெட்ச்லி ஆலையையும் அதன் தொழிலாளரையும் விற்பனை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் ஒன்றாக எழுதிவைக்கும் அளவுக்கு வலிமை உள்ளதாக இருக்க வேண்டும். அதற்கான பேச்சை, விலை பேசும் நாள் வரும் முன்பே குடும்பம் தொடங்கியாக வேண்டும்.